பழைய எக்ஸ்பி பெட்டியில 4 டிபி டிஸ்க்: 1678 ஜிபிதான் காட்டுது, மிச்சம் எங்க?

கொட்டாஞ்சேனை_கெமரா | திங்கள், இரவு 10.15

எல்லாருக்கும் வணக்கம். கொட்டாஞ்சேனையில சின்ன ஸ்டூடியோ ஒண்ணு வச்சிருக்கேன், அப்பா தொடங்கினது. கல்யாணம், சாமத்திய வீடு, தேர்த் திருவிழா, முதல் நன்மைன்னு எடுத்த மினி டிவி கசெட் அலுமாரி நிறையக் கிடக்கு. எண்ணிப் பார்த்தேன், 260. டொரோன்டோவில இருந்தும் லண்டன்ல இருந்தும் "எங்க கல்யாண வீடியோ இன்னும் இருக்கா அண்ணே"ன்னு இப்பதான் ஆளாளுக்குக் கேக்குறாங்க. பூஞ்சணம் பிடிக்கிறதுக்கு முந்தி எல்லாத்தையும் டிஸ்க்ல இறக்கிடணும். ஒரு மணி நேரக் கசெட் இறக்கினா 13 ஜிபி கிட்ட வருது. மொத்தம் 3.4 டிபி. அதான் 4 டிபி டிஸ்க் ஒண்ணு வாங்கினேன்.

இறக்குற கொம்பியூட்டர் பெட்டி பழசு. கோர் டூ டுவோ, ஜி31 போர்ட், 2 ஜிபி ராம், எக்ஸ்பி சேர்விஸ் பேக் 3, 250 ஜிபி டிஸ்க். எடிட் பண்ற பெட்டி புதுசு, வின்டோஸ் 10.

நடந்தது இதுதான். முதல்ல புதுப் பெட்டியில போட்டேன். டிஸ்க்கைப் பிரிச்சு வைக்கிற பதிவு எம்பிஆரா (பழைய முறை) ஜிபிடியா (புது முறை)ன்னு கேட்டுச்சு. ஜிபிடின்னு கொடுத்து ஃபோர்மட் பண்ணினேன், 3.63 டிபி வந்துச்சு. சந்தோஷமா கழட்டிப் பழைய பெட்டியில போட்டா "ஜிபிடி ப்ரொடெக்டிவ் பார்ட்டிஷன்"னு மட்டும் எழுதிக் காட்டுது. ரைட் கிளிக் பண்ணினா எல்லாம் மங்கலா இருக்கு, எதையும் தொட முடியல. வாங்கின கடைக்கு அடிச்சேன், "எம்பிஆருக்கு மாத்துங்க, சரியாகிடும்"னு சொன்னாங்க. மாத்தினேன். புதுப் பெட்டி இப்ப 2048 ஜிபி, 1678.02 ஜிபின்னு ரெண்டு துண்டாக் காட்டுது, ரெண்டாவது துண்டுல ஒண்ணும் செய்ய விடுதில்ல. அதே டிஸ்க்கைப் பழைய பெட்டியில போட்டா முழு டிஸ்க்கே 1678 ஜிபிங்குது! பைக்கட் உடைச்சதால கடையில திருப்பி எடுக்க மாட்டாங்களாம்.

டிஸ்க் பழுதா? இல்ல போலி டிஸ்க்கா?

நீலத்திரை | திங்கள், இரவு 10.31

2014 ஏப்ரல்லயே எக்ஸ்பிக்கு சேர்விஸ் நிறுத்தியாச்சு ப்ரோ. இன்னும் அதைக் கட்டிப்பிடிச்சுக்கிட்டு. தூக்கி எறிஞ்சிட்டுப் புதுப் பெட்டியிலயே இறக்குங்க.

கொட்டாஞ்சேனை_கெமரா | திங்கள், இரவு 10.48

எறியலாம்தான் தம்பி. கெமராவில இருந்து கசெட்டை இறக்குற ஃபயர்வயர் கார்ட் பழைய பிசிஐ, புது போர்ட்ல அந்த ஸ்லொட்டே இல்ல. பிசிஐ எக்ஸ்பிரஸ்ல வர்ற ஃபயர்வயர் கார்ட் தேடி யுனிட்டி பிளாசாவில மேல் மாடி கீழ் மாடி எல்லாம் ஏறி இறங்கிட்டேன். "ஃபயர்வயர்னா என்ன?"ன்னு கவுண்டர்ல நின்ன பையன் திருப்பிக் கேட்டான்.

நீலத்திரை | திங்கள், இரவு 10.52

ஓகே, அது ஞாயம்.

செக்டர்63 | செவ்வாய், காலை 6.20

தம்பி, டிஸ்க்கில ஒரு பிழையும் இல்லை. போலியும் இல்லை. போலி டிஸ்க் எண்டால் இவ்வளவு ஒழுங்கான கணக்கு வராது. தேத்தண்ணியை வைச்சுக்கொண்டு ஆறுதலா வாசியுங்கோ.

4 டிபி டிஸ்க்கில 7,814,037,168 செக்டர் இருக்கு. செக்டர் எண்டது டிஸ்க்கில எழுதுற சின்னக் கட்டம், ஒண்டு 512 பைட். எக்ஸ்பியில செக்டரை எண்ணுற இடம் 32 பிட் அகலம். அதில எழுதக்கூடிய எண்ணிக்கை 4,294,967,296. அதுக்கு மேல போனால் என்ன நடக்கும்? பழைய மொரிஸ் மைனர் டக்சியில மைல் மீட்டர் 99,999 ஓடி முடிஞ்சால் திரும்ப 00000 எண்டு நிக்கும் பாருங்கோ, அதுதான். பெரிய எண்ணில இருந்து சின்னதைக் கழியுங்கோ: 3,519,069,872 செக்டர். 512ஆல பெருக்கி, வின்டோஸ் செய்யிற மாதிரி 1024ஆல மூண்டு தரம் பிரிச்சு ஜிபி ஆக்கினால் 1678.02. உங்கட எக்ஸ்பி சொன்ன அதே எண்.

அப்ப வின்டோஸ் 10 ஏன் ரெண்டு துண்டாக் காட்டினது? அது மீட்டரைச் சரியாத்தான் வாசிக்குது, முழு டிஸ்க்கும் அதுக்குத் தெரியும். ஆனா எம்பிஆர் எண்ட பழைய பதிவுக் கொப்பியில ஒவ்வொரு பார்ட்டிஷனுக்கும் "எங்க தொடங்குது, எவ்வளவு நீளம்" எண்டு எழுத விட்டிருக்கிற கட்டமும் 32 பிட்தான். முதல் 2048 ஜிபியை எழுதலாம். மிச்சம் 1678 கண்ணுக்குத் தெரியும், கொப்பியில ஏறாது. எக்ஸ்பியில மீட்டரே சுத்திப் போச்சு. ரெண்டிலயும் 1678 வந்தாலும் காரணம் வேற வேற.

ஜிபிடி கொப்பியில கட்டம் 64 பிட். ஆனா 32 பிட் எக்ஸ்பிக்கு அந்தக் கொப்பியை வாசிக்கத் தெரியாது. விஸ்டாவில இருந்துதான் தெரியும். அதாலதான் "ப்ரொடெக்டிவ்" எண்டு பூட்டுப் போட்டுக் காட்டினது. அந்தப் பூட்டு நல்லதுக்கு. இல்லாட்டி வெத்து டிஸ்க் எண்டு நினைச்சு எக்ஸ்பி மேல எழுதிப்போடும்.

பைனரி_பாவை | செவ்வாய், காலை 8.05

அங்கிள், மொரிஸ் மைனர் விளக்கம் அருமை. ஒரு சின்னச் சேர்க்கை: ஜிபிடி டிஸ்க்கை வெறும் சேமிப்பாக வைக்க பயோஸ் (போர்டை எழுப்பும் புரோகிராம்) பழசாக இருப்பது தடையில்லை. அந்த டிஸ்க்கிலிருந்தே வின்டோஸ் பூட் ஆக வேண்டுமென்றால்தான் யூஈஎஃப்ஐ, அதாவது பயோஸுக்குப் பதிலாக வந்த புதுவகை, கட்டாயம். லினக்ஸ் என்றால் அதுவும் வேண்டாம், பழைய பயோஸிலேயே 1 எம்பி பூட் பார்ட்டிஷன் ஒன்று விட்டால் க்ரப் என்கிற லினக்ஸ் பூட் புரோகிராம் வேலை செய்யும். அதனால் கெமரா அண்ணாவின் பழைய பெட்டி "4 டிபி தாங்காது" என்று சொல்ல முடியாது. அதில் இருக்கும் எக்ஸ்பிதான் தாங்காது.

அச்சகம்_ரத்மலானை | செவ்வாய், பகல் 12.40

செக்டர் ஐயா, இடையில புகுந்து கேக்குறதுக்கு மன்னிக்கணும். எங்க அச்சகத்துல ஸ்டிக்கர் வெட்டுற மெஷினுக்கு வின்டோஸ் 98 பெட்டி ஒண்ணு இருக்கு. 98ம் ஆண்டு போர்ட். அதுல இருந்த டிஸ்க் சத்தம் போட ஆரம்பிச்சதால புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவுல பழைய 80 ஜிபி ஐடிஇ (அகலமான பட்டி வயர்) டிஸ்க் ஒண்ணு எடுத்தேன். போட்டா பெட்டி டிஸ்க்கைத் தேடுற இடத்துலயே உறைஞ்சு நிக்குது. பயோஸுக்குள்ள கூடப் போக முடியல. டிஸ்க்கைக் கழட்டினா சரி.

செக்டர்63 | செவ்வாய், பின்னேரம் 4.10

ரத்மலானைத் தம்பி, உங்கட கேள்வி என்ர இளமைக்காலத்தைக் கிளப்பிவிட்டுது. கொஞ்சம் நீளமாச் சொல்லுறன்.

இந்தச் சிக்கல் ஒரு தரம் வந்ததில்லை, ஒவ்வொரு சில வருஷத்துக்கும் வந்தது. முதல் மதில் 504 எம்பி. அந்த நாளையில டிஸ்க்கில ஒரு இடத்தை சிலிண்டர் (எத்தனையாவது வட்டம்), ஹெட் (எந்த வாசிப்பு முள்), செக்டர் எண்டு மூண்டு எண்ணால சொல்லுறது. பயோஸ் சிலிண்டருக்கு 10 பிட் விட்டிருந்தது, அதால 1024 சிலிண்டர். ஐடிஇ டிஸ்க் ஹெட்டுக்கு 4 பிட் விட்டிருந்தது, அதால 16 ஹெட். செக்டர் 63. ஐடிஇயிட்ட சிலிண்டருக்கு நிறைய இடம் இருந்தது, பயோஸிட்ட ஹெட்டுக்கு நிறைய இடம் இருந்தது. ஆனா ரெண்டு பேரும் சேரேக்க ஒவ்வொரு இடத்திலயும் குறைஞ்சதுதான் எடுபடும். கலியாணப் பேச்சில ரெண்டு பகுதியும் கையில நிறைய வைச்சுக்கொண்டு சபையில குறைச்சுச் சொன்ன மாதிரி. 1024, 16, 63, 512 நாலையும் பெருக்குங்கோ: 528,482,304 பைட். அதுதான் 504 எம்பி.

95இல கோட்டையில ஒரு கப்பல் கொம்பனிக் கந்தோரில வேலை. 486 பெட்டி. எங்கட ஆள் ஒருத்தர் சிங்கப்பூர் சிம் லிம் ஸ்குவெயாரில 850 எம்பி டிஸ்க் வாங்கிக்கொண்டு வந்தார். அந்த நாளையில அது ஒரு தேர் மாதிரி. போட்டால் 504. டிஸ்க்கோட வந்த ஃப்ளொப்பியில ஒரு ஓவர்லே புரோகிராம் இருந்தது, அது டிஸ்க்கின்ர முதல் செக்டரில குந்திக்கொண்டு பயோஸுக்குப் பதிலாத் தானே பதில் சொல்லி முழு 850ஐயும் காட்டும். ஆறு மாதம் நல்லா ஓடினது. பிறகு ஒரு நாள் நான்தான், வேற ஆரும் இல்லை, டொஸ் ஃப்ளொப்பி போட்டு பூட் பண்ணினன். ஃப்ளொப்பியில பூட் பண்ணினால் ஓவர்லே ஏறாது. சி டிரைவைக் காணேல்லை. பதட்டத்தில டிஸ்க்கைப் புதுசாப் பிரிக்கிற எஃப்டிஸ்க் புரோகிராமைப் போட்டன். ஆறு மாதக் கணக்கு போச்சு. பில் எல்லாத்தையும் வைச்சுத் திரும்ப அடிக்க எனக்கு மூண்டு கிழமை பிடிச்சது. என்ர பேரில 63 ஏன் எண்டு கேட்ட ஆக்களுக்கு இப்ப விளங்கும்.

அடுத்த மதில் 8.4 ஜிபி: 1024, 255, 63. அதையும் தாண்டி எல்பிஏ வந்தது, அதாவது சிலிண்டர் ஹெட் எல்லாத்தையும் விட்டிட்டு செக்டரை சைபரில இருந்து வரிசையா எண்ணுறது. ஆனா 99க்கு முந்தின பல பயோஸ்கள் உள்ளுக்க இன்னும் பழைய கணக்கையே போட்டுப் பார்க்கும். 65,535 சிலிண்டர், 16 ஹெட், 63 செக்டர். அது 33.8 ஜிபி. அதுக்கு மேலான டிஸ்க்கைக் கண்டால் கணக்கு முட்டி உறைஞ்சு நிக்கும். உங்கட வருத்தம் இதுதான்.

வைத்தியம் லேசு. டிஸ்க்கின்ர முதுகில ஜம்பர் (ரெண்டு பின்னை இணைக்கிற சின்ன மூடி) எங்க போடுறது எண்டு படம் ஒட்டியிருக்கும். மாஸ்டர், ஸ்லேவ் தவிர கொள்ளளவைக் குறைக்கிற ஒரு ஜம்பரும் பல டிஸ்க்கில இருக்கும். அதைப் போட்டால் டிஸ்க் தன்னை 32 ஜிபி எண்டு சொல்லிக்கொள்ளும், போர்ட் எழும்பும். மிச்சம் 48 ஜிபியை மறந்துவிடுங்கோ, ஸ்டிக்கர் வெட்டுற மெஷினுக்கு 32 ஜிபி எண்டது கடல். 64 ஜிபிக்கு மேல போனால் வின்டோஸ் 98இன்ர எஃப்டிஸ்க்கே பிழையாக் காட்டும், அதைத் திருத்தின பதிப்பு வேறயா வந்தது. அந்தத் தலையிடியும் உங்களுக்கு வேண்டாம்.

அச்சகம்_ரத்மலானை | செவ்வாய், இரவு 7.55

ஜம்பர் போட்டேன். எழும்பிடுச்சு ஐயா! 32 ஜிபி. கோடி நன்றி. பழைய டிஸ்க் சாகுறதுக்கு முந்தி கொப்பி எடுத்துட்டேன்.

மருதானை_ரிப்பேர் | செவ்வாய், இரவு 9.20

செக்டர் நானா எழுதினா நேரம் போறதே தெரியாது. 137 ஜிபி கதையை விட்டுட்டாரே, அத நான் சொல்றன்.

எல்பிஏ முதல்ல 28 பிட். 2க்கு 28 அடுக்கு, செக்டர் 512 பைட், 137 ஜிபி. வின்டோஸ் பாஷையில 128. 48 பிட் எல்பிஏ பிறகுதான் வந்துச்சு. எக்ஸ்பிக்கு சேர்விஸ் பேக் 1 போட்டாத்தான் அது தெரியும். எங்கிட்ட ஒரு கஸ்டமர் வந்தார். 160 ஜிபி டிஸ்க், முழுசா ஒரே பார்ட்டிஷன், ரெண்டு வருஷம் ஓடினது. வைரஸ் வந்துச்சின்னு அவரே வீட்டுல சிடி போட்டு எக்ஸ்பி திரும்ப ஏத்தியிருக்கார். அது ஆகப் பழைய சிடி, சேர்விஸ் பேக் இல்லாதது. கொஞ்ச நாள் ஒரு பிரச்சினையும் இல்ல. ஒரு நாள் திறந்தா ஃபோல்டர் பேரெல்லாம் கிறுக்கு. ஏன்? 128ஐத் தாண்டி எழுதப் போனது மீட்டர் சுத்தி டிஸ்க் தொடக்கத்துல போய் எழுதியிருக்கு. தொடக்கத்துலதானே அட்டவணையெல்லாம் ஈக்கி.

அதால சொல்றன். பழைய பெட்டி பெரிய டிஸ்க்கை "இல்ல"ன்னு சொன்னா அது நல்ல பெட்டி. "ஓம், ஓம்"னு சொல்லிட்டுப் பிறகு மேல எழுதுறதுதான் ஆளைக் கொல்ற பெட்டி.

இன்னொண்டு. இப்ப நெறையப் பேர் வெளி டிஸ்க்கை உடைச்சி உள்ள ஈக்கிற டிஸ்க்கை எடுத்துப் போடுறாங்க, விலை குறையுதுன்னு. 2022ல டொலர் 200 ரூபாவில இருந்து 360க்குப் போன நேரம் தொடங்கின பழக்கம். அப்படி எடுத்த சில பெரிய டிஸ்க் பழைய பவர் சப்ளையில சுத்தவே சுத்தாது. செத்த டிஸ்க்னு குப்பையில போட்டுராதீங்க. சாட்டா (ஐடிஇக்குப் பிறகு வந்த டிஸ்க் இணைப்பு) பவர் பிளக்ல மூணாவது பின், முந்தி அதுல 3.3 வோல்ட் வரும், ஆரும் பாவிக்கிறதில்ல. புது விதியில அதே பின்ல வோல்ட் வந்தா "டிஸ்க்கே, தூங்கு"ன்னு அர்த்தம். பழைய சப்ளை சும்மா குடுத்துக்கொண்டே ஈக்கும், டிஸ்க் எழும்பாது. சூடு தாங்குற மஞ்சள் கப்டன் டேப்பை டிஸ்க் பக்கத்து முதல் மூணு பின்லயும் சின்னதா வெட்டி ஒட்டினா சரி. இல்லாட்டி மொலெக்ஸ்ல (பழைய நாலு பின் பவர் பிளக்) இருந்து சாட்டாவுக்கு மாத்துற வயர், அதுல 3.3 வராது. ஆனா வயரைப் பார்த்து வாங்குங்க. பிளாஸ்டிக் உருக்கி ஊத்தி மூடின தலை வேணாம், உள்ள வயர் ஒண்டோடொண்டு முட்டி எரிஞ்சதை நான் என் கண்ணால கண்ட. பின் பின்னா அழுத்திப் பூட்டின தலை ஈக்கி, அத எடுங்க.

விஐஏ வீடி8237 சிப் உள்ள பழைய போர்ட்காரங்களுக்கு: உங்கட சாட்டா 1.5 கிகாபிட். வேகமான டிஸ்க்கோட பேச்சுவார்த்தையே நடக்காது, பயோஸ்ல பேர் கூட வராது. டிஸ்க்ல வேகத்தைக் குறைக்கிற ஜம்பர் இருந்தாப் போடுங்க. புது டிஸ்க்ல அந்த ஜம்பர் இல்லாட்டி தனி கார்ட்தான் வழி.

மழைக்காகம் | செவ்வாய், இரவு 11.02

ஐயோ. மருதானை அண்ணா சொன்ன வேலையை நான் நேற்றுத்தான் செய்தேன். என்னுடைய 4 டிபி வெளி டிஸ்க்கின் யூஎஸ்பி வாய் ஆடி உடைந்துவிட்டது. (வெள்ளவத்தையில் கடல் பக்க ஃப்ளாட், ரெண்டு வருஷத்தில் எல்லா வாயும் பச்சை பிடிக்கும்.) மூடியை நெம்பி உள்ளிருந்த டிஸ்க்கை எடுத்துக் கொம்பியூட்டருக்குள் நேரே சாட்டாவில் போட்டேன். நன்றாகச் சுத்துகிறது. ஆனால் 465 ஜிபி, "ரோ" (ஃபோர்மட் இல்லாதது) என்று காட்டுகிறது. ஃபோர்மட் செய்யவா என்று கேட்கிறது. மகளின் பிறந்ததிலிருந்து எடுத்த படங்கள் எல்லாம் அதில். ஃபோர்மட் கொடுத்துவிட்டு ரிக்கவரி மென்பொருள் போடலாமா?

பைனரி_பாவை | செவ்வாய், இரவு 11.06

கொடுக்காதீங்க!! எதையும் கிளிக் பண்ணாமல் பெட்டியை நிறுத்துங்க. விளக்கம் பிறகு.

மருதானை_ரிப்பேர் | செவ்வாய், இரவு 11.07

ஃபோர்மட்ல கை வச்சிராதீங்க தங்கச்சி. கேன்சல்.

மழைக்காகம் | செவ்வாய், இரவு 11.09

நிறுத்திவிட்டேன். கை நடுங்குது.

பைனரி_பாவை | செவ்வாய், இரவு 11.41

பயப்படாதீங்க அக்கா, படங்கள் அநேகமாக அப்படியே இருக்கும். நீங்கள் சொன்ன எண்ணிலேயே விடை இருக்கிறது. 4 டிபி டிஸ்க் வின்டோஸில் 3726 ஜிபி. அதை எட்டால் பிரித்தால்? 465.75.

ஏன் எட்டு? சில வெளி டிஸ்க்குகளின் பெட்டியில் இருக்கும் சின்ன போர்ட் ஒரு தந்திரம் செய்கிறது. உள்ளே டிஸ்க் 512 பைட் செக்டர் என்கிறது. பெட்டி போர்ட் எட்டு எட்டாகக் கட்டி வெளியே 4096 பைட் செக்டர் என்று சொல்கிறது. எக்ஸ்பி பாவிக்கிறவர்களும் 2 டிபிக்கு மேலான டிஸ்க் வாங்கட்டும் என்றுதான் தயாரிப்பாளர்கள் இப்படிச் செய்தார்கள். செக்டர் எட்டு மடங்கு பெரிதானால் அதே 32 பிட் எம்பிஆர் கொப்பியில் 2 டிபிக்குப் பதிலாக 16 டிபி எழுதலாம்.

இப்போது நீங்கள் அந்த மொழிபெயர்ப்பாளரை நடுவிலிருந்து தூக்கிவிட்டீர்கள். கொப்பியில் "256ஆம் செக்டரில் தொடங்குகிறது" என்று எழுதியிருக்கும். பெட்டிக் கணக்கில் அது 1 எம்பி தூரம். நேரே போட்டால் கொம்பியூட்டர் 256ஐ 512ஆல் பெருக்கி 128 கேபி தூரத்தில் போய்த் தேடுகிறது. அங்கே ஒன்றும் இல்லை, அதனால் "ரோ". நீளமும் எட்டில் ஒன்றாகத் தெரிகிறது, அதனால் 465. டிஸ்க்கில் ஒரு பிட் கூட மாறவில்லை. அதே வகைப் பெட்டி ஒன்றைத் தேடி அதில் போட்டால் எல்லாம் திரும்ப வரும். தன்னிச்சையாக டேட்டாவைப் பூட்டி வைக்கிற என்க்ரிப்ஷன் பெட்டி என்றால் கதை வேறு, ஆனால் அப்படியென்றால் 465 என்ற ஒழுங்கான எண்ணே தெரிந்திருக்காது.

கெமரா அண்ணா, இதையே உங்களுக்கு வழியாகவும் சொல்லலாம். 4096 பைட் காட்டுகிற யூஎஸ்பி பெட்டியில் உங்கள் டிஸ்க்கைப் போட்டால், எம்பிஆரில் முழு 3.63 டிபியும் எக்ஸ்பிக்குத் தெரியும்.

கொட்டாஞ்சேனை_கெமரா | புதன், இரவு 8.30

இன்னைக்குக் கடையை நேரத்தோட மூடிட்டு டிஸ்க்கையும் தூக்கிக்கிட்டு பம்பலப்பிட்டிக்குப் போனேன். "4096 செக்டர் காட்டுற பெட்டி இருக்கா"ன்னு கேட்டா ஒருத்தருக்கும் விளங்கல. கடைசியா ஒரு கடையில நல்ல மனுஷன், "வச்சிப் பாருங்க அண்ணே"ன்னு அவர் லெப்டொப்பையே தந்தார். எம்எஸ்இன்ஃபோ32 திறந்து, டிஸ்க் விபரத்துல "பைட்ஸ் பெர் செக்டர்" பார்க்கணும்னு எங்கேயோ வாசிச்சிருந்தேன். முதல் பெட்டி 512. ரெண்டாவது 512. மூணாவது 4096! வாங்கிட்டேன். வீட்டுல எம்பிஆர்ல ஃபோர்மட் பண்ணி எக்ஸ்பியில போட்டா 3.63 டிபி முழுசா நிக்குது.

நீலத்திரை | புதன், இரவு 8.34

மாஸ் ப்ரோ.

செக்டர்63 | வியாழன், காலை 6.05

கெட்டித்தனமான வேலை. ஆனா நான் சந்தோஷப்படமாட்டன்.

முந்தநாள் இரவு இதே இழையில என்ன நடந்தது எண்டு பாருங்கோ. அந்தப் பிள்ளையின்ர படங்கள் எல்லாம் ஒரு சின்ன போர்டின்ர தயவில நிக்குது. நீங்கள் 260 குடும்பத்தின்ர கலியாணத்தையும் அதே தயவில கொண்டுபோய் வைக்கப் போறியள். ஐஞ்சு வருஷத்தால அந்தப் பெட்டி செத்தால் திரும்பப் பம்பலப்பிட்டியில மூண்டு பெட்டி வைச்சுப் பார்க்க ஏலுமோ? அதே மாதிரி கிடைக்குமோ?

உங்கட எக்ஸ்பிக்கு 4 டிபியைக் காட்டவேணும் எண்டு ஆர் சொன்னது? அதுக்கு வேலை கசெட்டை இறக்குறது மட்டும். டிவி வீடியோ செக்கனுக்கு 3.6 எம்பி. அந்த 250 ஜிபி டிஸ்க்கே தாராளம், 15 கசெட் பிடிக்கும். பிறகு 2 டிபி வெளி டிஸ்க் ஒண்டை ஓட்டோ மாதிரி வைச்சிருங்கோ. 2 டிபி எண்டால் 2.2 டிபி (வின்டோஸ் கணக்கில அந்த 2048 ஜிபி) எண்ட மதிலுக்கு உள்ளுக்க, தந்திரம் ஒண்டும் தேவையில்லை, உங்கட ரெண்டு பெட்டியும் வாசிக்கும். பழைய பெட்டியின்ர யூஎஸ்பி 2இல செக்கனுக்கு 30 எம்பி போனாலும் பத்து கசெட் ஏற்ற ஒரு மணித்தியாலம் பத்து பதினைஞ்சு நிமிஷம். 4 டிபியை ஜிபிடியில திரும்ப ஃபோர்மட் பண்ணிப் புதுப் பெட்டிக்குள்ள நேரே பூட்டுங்கோ. அங்கதான் அதுக்கு வீடு.

ரெண்டு விஷயம். ஓட்டோ டிஸ்க்கை என்டிஎஃப்எஸ் முறையில ஃபோர்மட் பண்ணுங்கோ, ஃபாட்32இல 4 ஜிபிக்கு மேல ஒரு ஃபைல் நிக்காது, உங்கட கசெட் 13. மற்றது, பார்ட்டிஷனை வின்டோஸ் 10இல போடுங்கோ. எக்ஸ்பி 63ஆம் செக்டரில தொடங்கும் (ஓம், என்ர பேர்தான்). இப்பத்தைய டிஸ்க் உள்ளுக்க 4096 பைட் கட்டாத்தான் எழுதுது. 63ஐ 512ஆல பெருக்கினால் 32,256, அது 4096ஆல சரியாப் பிரியாது. எக்ஸ்பி எழுதுற ஒவ்வொரு கட்டும் டிஸ்க்கின்ர ரெண்டு கட்டில குந்தும், எழுதுற வேகம் விழும்.

பைனரி_பாவை | வியாழன், காலை 9.15

அங்கிள் சொல்வதை ஒத்துக்கொள்கிறேன், நான் தந்திரத்தின் அழகில் மயங்கிவிட்டேன். நெட்வேர்க்கில் அனுப்பலாம் என்று யாராவது சொல்வதற்கு முன்: ஃபைல் பகிரும் முறைகளில் எக்ஸ்பிக்குப் பழைய எஸ்எம்பி 1 மட்டும்தான் தெரியும், வின்டோஸ் 10இன் பிந்தைய பதிப்புகள் அதை மூடியே வருகின்றன. அதைத் திறந்து வைப்பது வீட்டின் பின்கதவைத் திறந்து போட்டுவிட்டுத் தூங்குகிற மாதிரி. ஓட்டோவே நல்லது.

நீலத்திரை | வியாழன், காலை 9.40

நான் அதைத்தான் சொல்ல வந்தேன். டிலீட் பண்ணிட்டேன்.

மருதானை_ரிப்பேர் | வியாழன், பகல் 1.10

4 டிபி ஒண்டுல மட்டும் வச்சிட்டு கசெட்டைத் தூக்கி எறிஞ்சிராதீங்க கெமரா அண்ணன். யூபிஎஸ்ஸும் போடுங்க. 2022ல ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் போன காலத்துல என் மேசையில டிஸ்க் மலை மாதிரி குவிஞ்சது.

கொட்டாஞ்சேனை_கெமரா | ஞாயிறு, இரவு 9.50

ரெண்டு நாள் யோசிச்சேன். பெட்டிக்குக் காசும் கொடுத்தாச்சேன்னு மனசு அடிச்சுக்கிச்சு. கடைசியில ஐயா சொன்ன மாதிரியே செஞ்சிட்டேன். 4 டிபி ஜிபிடியில புதுப் பெட்டிக்குள்ள. கழுத்துல ஐடி கார்ட் மாதிரி 2 டிபி டிஸ்க்கோட நான் மாடிக்கும் கீழுக்கும். இதுவரை 11 கசெட் முடிஞ்சது. 99ல எடுத்த ஒரு கல்யாணத்துல மாப்பிள்ளைத் தோழன் இப்ப எங்க லேன்ல ரெண்டு பேரனுக்குத் தாத்தா. நேத்து ஆளைக் கூப்பிட்டுக் காட்டினேன், தலைமுடியைப் பார்த்து ஒரு பெருமூச்சு விட்டார்.

அந்த 4096 பெட்டி சும்மா கிடக்கு. மழைக்காகம் அக்கா, வேணும்னா வந்து எடுத்துப் பாருங்க.

மழைக்காகம் | செவ்வாய், இரவு 8.15

கெமரா அண்ணாவின் கடைக்குப் போனோம். டிஸ்க்கை அந்தப் பெட்டியில் போட்டார். ஒரு நிமிஷம் எதுவும் வரவில்லை, எனக்கு உயிர் போய்விட்டது. பிறகு 3.63 டிபி. எல்லாப் படமும் இருக்கிறது, எல்லாம். அங்கேயே அவருடைய புதுப் பெட்டிக்குக் கொப்பி எடுக்கத் தொடங்கிவிட்டோம், வேறு டிஸ்க் வாங்கியதும் மாற்றிக்கொள்வேன். பெட்டிக்குக் காசு வாங்க மாட்டேன் என்று நின்றார், தேத்தண்ணி மட்டும் குடித்துவிட்டு வந்தோம்.

பைனரி_பாவை | செவ்வாய், இரவு 8.20

அப்பாடா.

புதுஆள்_மட்டக்குளி | வெள்ளி, பகல் 2.33

வணக்கம், முழுக்க வாசிக்க நேரம் இல்லை, அவசரம். என் டிஸ்க் 746 ஜிபி மட்டும் காட்டுது. பழுதா?

செக்டர்63 | வெள்ளி, பகல் 2.40

3 டிபி டிஸ்க், எக்ஸ்பி. பழுது இல்லை. மேல என்ர முதல் பதிவை வாசியுங்கோ.

புதுஆள்_மட்டக்குளி | வெள்ளி, பகல் 2.41

நான் இன்னும் டிஸ்க் சைஸே சொல்லலியே???